எமரால்டு குளிரில் முளைகட்டியவை

விதை ஊறவைக்கும் தொழிலில் கைக்கு வேலை கொஞ்சம், கண்ணுக்கும் மூக்குக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மனசுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. ஆசையாகப் பயறை ஊறப்போட்டு, துணியில் கட்டி வைத்து, மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வாழைக்கு அடியில் கொட்டியும் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

அடுப்பில்லாத சமையலறை

ஒரு பள்ளி விடுதியில் பதினாறு வருஷம் சமைத்தவள் நான். கேஸ் வந்த பிறகும் பெரிய அண்டாவுக்கு விறகடுப்புதான். அந்தப் புகை என் நெஞ்சிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டது. இருமினால் அடுத்த லைன் வீட்டில் நாய் குரைக்கும். இனிமேல் புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன அதே வருஷம் விடுதியையும் மூடிவிட்டார்கள். சமையலைத் தவிர வேறொன்றும் தெரியாது. சரிவில் ஏறி டீ இலை பறிக்க மூச்சு இடம் கொடுக்காது. என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோதுதான், எங்களுக்குக் கேரட் கொண்டுவரும் மாதி அக்கா ஒரு சேதி சொன்னாள். எமரால்டு அணைக்கு மேலே இருக்கும் பழைய எஸ்டேட் பங்களாவில் யாரோ ஒரு மேடம் இயற்கை உணவு இல்லம் திறந்திருக்கிறாராம், சமையலுக்கு ஆள் தேடுகிறாராம்.

போனேன். மேடத்தின் பெயர் வசந்தா, கோயமுத்தூர்க்காரர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். சமையலறையைக் காட்டினார். நீளமாக ஒரு கல் மேடை, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அணைத் தண்ணீரும் இல்லை, அக்கரை மலையும் இல்லை, வெறும் பனிமூட்டம். அடுப்பு எங்கே என்று மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அங்கேயும் ஜாடிதான் இருந்தது. இங்கே எதையும் வேகவைப்பதில்லை, விதைகளை ஊறவைத்து, முளைகட்டி, அப்படியே பரிமாறுவோம் என்றார். டீ, காபி கிடையாது, தானே டீயை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்றார். புகை இல்லாத சமையலறை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தபோது கூடவே தீப்பெட்டியும் கீழே விழுந்தது. பதினாறு வருஷத்துப் பழக்கம். மேடம் அதைப் பார்த்தார், கோபப்படவில்லை.

"அதை வெளிய வச்சுட்டு வாங்க ஸ்டெல்லா. இந்த ஊட்டுக்குள்ள சூரியனைத் தவிர வேற யாரும் சமைக்கறதில்லீங்க."

சுவரில் தொங்கிய அட்டவணை

சூரியனை நம்பி வேலைக்குச் சேர்ந்தது மார்கழி பிறந்த வாரம். எமரால்டில் மார்கழிச் சூரியன் பத்து மணிக்கு மேல் வந்து, வந்ததற்கு அடையாளமாக மேடையில் ஒரு கையகலம் வெளிச்சம் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடும். மேடம் கோயமுத்தூரில் இருந்தபோது தயாரித்த அட்டவணை சுவரில் தொங்கியது. பச்சைப்பயறு எட்டு மணி நேரம் ஊற வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்தில் முளைக்கும். கொண்டைக்கடலைக்கு ஒரு நாள். வெந்தயத்துக்கு இவ்வளவு, கொள்ளுக்கு இவ்வளவு. எல்லாம் அழகான கையெழுத்து. கீழ்நாட்டு வெயிலைப் பார்த்து எழுதியது என்பது மட்டும் அதில் இல்லை.

நானும் பயபக்தியோடு செய்தேன். கல் பொறுக்கினேன், மிதந்த பொக்கை எல்லாம் தள்ளினேன், பிடி கணக்காக ஊறவைத்தேன், வெள்ளைத் துணியில் கட்டினேன். தண்ணீரில் கையை விட்டால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு குளிர். முதல் நாள் பயறு உப்பியது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் உப்பியது. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, இதற்கு மேல் எங்களால் ஆகாது என்பதுபோல் கிடந்தது. நான்காம் நாள் வேறு வழியில்லாமல் கேரட் துருவலைத் தூவிப் பரிமாறினேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் பழனிசாமி ஐயா ஒரு மாசம் தங்க வந்திருந்தார். ஒரு பயறை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது முளைகட்டுன பயறுங்களா, இல்லை குளிச்சுட்டு வந்த பயறுங்களா?"

பொங்கல் வரைக்கும்

அந்த வாரமே மேடம் என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். கையில் முளைக்காத பயறு ஒரு கிண்ணம். அதை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பனிமூட்டத்தைப் பார்த்துப் பேசினார். அவருக்கும் சொல்லக் கஷ்டம்தான். வருகிறவர்கள் முளைக்காக வருகிறார்கள், முளையில்லாமல் எத்தனை நாள் கேரட்டைக் காட்டுவது? மேட்டுப்பாளையத்தில் ஒருவர் முளைகட்டிப் பையில் போட்டு விற்கிறாராம். அங்கே வெயிலுக்கு என்ன குறை, எல்லாம் ஒரே நாளில் வால் விட்டுவிடும். அதற்குப் பிறகு இங்கே ஊறவைக்க ஒருத்தி எதற்கு?

அவர் சொல்லச் சொல்ல நான் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் என் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. காலையில் வந்து ஜன்னலைத் திறந்தால் முகத்தில் குளிர்ந்த காற்று படும், கண் எரியாது, நெஞ்சு கனக்காது. ஜாடித் தண்ணீருக்குள் விதைகள் சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுபோல. என் வயசில் முதல் தடவையாக ஒரு வேலையை ஆசைப்பட்டுச் செய்தேன். இதுவும் போனால் ஏதாவது ஒரு மெஸ்ஸில் மறுபடியும் அடுப்புக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

"பொங்கல் வரைக்கும் பாக்கலாமுங்க ஸ்டெல்லா. அதுக்குள்ளயும் ஆகலைன்னா மேட்டுப்பாளையத்துக்காரருக்குச் சரின்னு சொல்லீர்றேன். காலை பஸ்ல வந்துரும்."

பாதாமின் சட்டை

முளைக்காத கவலைக்கு நடுவே முளைக்கத் தேவையில்லாத விதைகள்தான் ஆறுதல். பாதாமை ஊறவைத்தால் போதும், மறுநாள் இரண்டு விரலால் அழுத்தினால் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளையாக வெளியே குதிக்கும். மத்தியானம் பனி இறங்கியதும் தங்க வந்தவர்கள் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேடையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் பாதாம். யாரும் பேசுவதில்லை. தோல் கழலும் சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே டீச் செடிகள் ஒரு வரிசை தெரியும், மறையும், இன்னொரு வரிசை தெரியும். அந்த நேரத்தில் அந்த அறை முழுவதும் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். இறங்க வேண்டிய இடம் வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றும்.

ஒருநாள் பழனிசாமி ஐயா கையில் பாதாமை வைத்துக்கொண்டு உரிக்காமல் ஜன்னலையே பார்த்தார். டீயை விட்டு அவருக்கு அன்று ஏழாவது நாள். தலைவலி நின்றுவிட்டதா என்று கேட்டேன். நின்றுவிட்டது என்று தலையாட்டினார். பிறகு யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"தலைவலி போயிருச்சுங்கம்மா. ஆனா சுத்தியும் டீச்செடியா நிறுத்தி வச்சுட்டு, ஒரு வாய் டீ இல்லைங்கறது இருக்குதுங்களே, அது கல்யாண ஊட்டு வாசல்ல நின்னுட்டுச் சோறு திங்காம வர்ற மாதிரிங்க."

கழுவ முடியாத விதை

ஆளிவிதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழுப்பாக, எள்ளுக்குச் சித்தப்பா மாதிரி இருந்தது. எல்லா விதையையும்போல ஊறவைத்து, மறுநாள் காலையில் வடிகூடையில் கொட்டி அலசினேன். தண்ணீர் போகவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். உள்ளே இருந்தது இன்னும் கொஞ்சம் பெரிதாகியது. கையை விட்டால் கை வழுக்குகிறது, எடுத்தால் முழங்கை வரைக்கும் நூலாகத் தொங்குகிறது. வழவழப்பு போகட்டும் என்று நான் கழுவக் கழுவ அது கூடிக்கொண்டே போனது. ஊறவைத்த தண்ணீரோடு அப்படியே சாப்பிட வேண்டிய விதையாம் அது. வழவழப்புதான் அதன் குணமே. அட்டவணையில் அடியில் சின்னதாக எழுதியிருந்தது.

மாதி அக்கா கேரட் மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்று பார்த்தாள். கழுவுகிற தொட்டி, மேடை, என் முழங்கை, தரை எல்லாம் ஆளிவிதை. அவள் சிரிக்கக்கூட இல்லை.

"நாலு நாளா முளைக்கலை முளைக்கலைன்னு அழுதியே ஸ்டெல்லா, இது முளைக்காமயே ஊட்டைப் பிடிச்சுக்கும் போலிருக்கே."

சூடு தேடி

சூடு இருந்தால் முளைக்கும். இவ்வளவுதான் விஷயம். அடுப்பு கூடாத வீட்டில் சூட்டுக்கு எங்கே போவது? வெந்நீர்ப் பைக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். சூடு ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும், மிச்ச நேரம் பயறு பழையபடி விறைத்துக் கிடக்கும். கம்பளியில் சுற்றி வைத்தேன். கம்பளி நனைந்ததுதான் மிச்சம். பயறு மூட்டையை ஸ்வெட்டருக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்தேன். மாலையில் ஏழெட்டுப் பயறு வாயைத் திறந்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்து, பிறகு என் வயசை நினைத்து, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

என் வீட்டுக்காரர் சேவியர் எங்கள் ஊர் டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்க்கிறார். இலையைக் காயவைக்கும் பெரிய சூட்டு இயந்திரம் அது. கல்யாணம் ஆனதிலிருந்து பத்தொன்பது வருஷமாக அங்கேதான். அதிகம் பேசமாட்டார். ஈர மூட்டையை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டு நான் புலம்பியதை எல்லாம் பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கழற்றி முடித்து, இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க டிரையர் ரூம்ல ஸ்வெட்டர் மாட்டற ஆணி ஒண்ணு சும்மாதான் இருக்கு. உன் பயறையும் மாட்டிக்கட்டுமா?"

ஆணியில் தொங்கிய பை

காலையில் ஊறிய பயறைத் துணியில் கட்டி, அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்து அனுப்பினேன். டிரையரிலிருந்து பத்தடி தள்ளிச் சுவரில் அந்த ஆணி. ஷிப்ட் முடிந்து அவர் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது அது இளஞ்சூடாக, கையில் எடுத்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. மறுநாளும் அனுப்பினேன். அன்று மாலை முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒவ்வொரு பயறும் ஒரு வெள்ளை வால் விட்டிருந்தது. சிலது நேராக, சிலது சுருண்டு, சிலது பக்கத்துப் பயறின் மேல் சாய்ந்து. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பனி வந்து செருப்பை மறைத்தது, பிறகு கேட்டை மறைத்தது. மடியில் அந்த வெள்ளை வால்கள் மட்டும் தெரிந்தன.

அன்று முதல் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு எல்லாம் முறை வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய்வந்தன. மேடம் கிண்ணத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எப்படி என்று கேட்டார். வீட்டில் வைத்து முளைகட்டுகிறேன், வீடு கொஞ்சம் சூடு என்றேன். பாதிப் பொய். நெருப்பே தீண்டாத உணவு என்று வாசலில் பலகை எழுதி வைத்திருப்பவரிடம் டிரையர் என்று எப்படிச் சொல்வது? மேடம் என் தோளைத் தட்டினார்.

"பார்த்தீங்களா ஸ்டெல்லா, நெருப்பே இல்லாம ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேனில்லீங்க?"

மூன்றாவது கிண்ணம்

இதற்கு அப்புறம்தான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. தங்கியிருந்தவர்கள் முளைப்பயறைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பச்சைப்பயறு என்றால் பச்சைப்பயறுதானே, அதில் என்ன இருக்கிறது? எலுமிச்சை பிழியவில்லை, தேங்காய் போடவில்லை. வெறும் பயறைக் கையில் எடுத்து, வாயில் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு எல்லோரும் அப்படியே இருந்துவிடுவார்கள். நானும் மோந்து பார்த்தேன். ஈரத்துணி வாசனை, பயறு வாசனை, எங்கள் வீட்டு வாசனை. வேறு ஒன்றும் தெரியவில்லை.

பழனிசாமி ஐயா ஒருநாள் மூன்றாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். முகத்தில் பஸ் ஜன்னலோரம் தூங்குகிறவர்களின் களை. போதும் ஐயா, வயிறு உப்பிக்கொள்ளும் என்றேன். கிண்ணத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"உப்பட்டுமுங்கம்மா. இதைத் தின்னா வெடியால மண்டிக்குப் போயி ஷட்டரைத் தூக்கிட்டு உக்கார்ற மாதிரி இருக்குது. ஏன்னுதான் தெரியலை."

வெந்தயம்

கர்வம் வந்தால் புத்தி போய்விடும் என்பதற்கு நான்தான் சாட்சி. அட்டவணையில் எல்லாம் முளைத்தாயிற்று, வெந்தயம் மட்டும் பாக்கி. பொங்கலுக்கு ஐந்து நாள். அதையும் முளைகட்டிக் காட்டிவிட்டால் மேட்டுப்பாளையம் என்ற பேச்சே மேடம் வாயில் வராது என்று நினைத்தேன். டீ ஃபேக்டரியின் முதல் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. டீத்தூள் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் பூ வைக்கமாட்டார்கள், வாசனை சோப்பு போடமாட்டார்கள். நானே எத்தனையோ தடவை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது தலையிலிருந்த மல்லிகையைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் ஊறிய வெந்தயத்தை ஒரு மூட்டை கட்டி உள்ளே அனுப்பினேன். பூதான் வாசனை, வெந்தயம் சமையல் சாமான் என்று என் மண்டைக்குள் இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தன.

தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் போஜன் அண்ணன் தினமும் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சிப் பார்த்துத் துப்புவார். அன்று நாலாவது கோப்பையில் நின்றுவிட்டாராம். மறுபடி உறிஞ்சினாராம். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே மூக்கைத் தூக்கியபடி ஹால் முழுக்க நடந்து, டிரையர் ரூமுக்கு வந்து, ஆணிக்கு முன்னால் போய் நின்றாராம். அன்றைய தூளைத் தனியாக ஒதுக்கும்படி ஆகிவிட்டது. சேவியர் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. பையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, போஜன் அண்ணன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சேவியரு, உன் பையில இருக்கிறது உன் சம்சாரத்தோட வெந்தயம். என் கோப்பையில இருக்கிறதும் அதேதான். ரெண்டுல ஒண்ணு இங்க இருக்கக் கூடாது. எதுன்னு நீயே சொல்லு."

கண்ணாடியில் படிந்த ஆவி

அதற்கப்புறம் மூன்று நாள் முளை இல்லை. மறுபடியும் குளித்துவிட்டு வந்த பயறு, மறுபடியும் கேரட் துருவல். பழனிசாமி ஐயா கிண்ணத்தை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். போகிக்கு முதல் நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். கையில் போன் இருந்தது. மேட்டுப்பாளையத்துக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. போகப் போகிற வேலைக்கு எதற்குப் பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, டிரையர், வெந்தயம், தனியாக ஒதுக்கிய தூள், என் வீட்டுக்காரருக்கு வந்த பேச்சு, எல்லாம். நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து முளைத்ததைத்தான் இத்தனை நாளும் உங்களுக்குக் கொடுத்தேன் மேடம் என்று முடித்தேன். அவர் போனைக் கீழே இறக்கினார். எவ்வளவு பக்கம் என்று கேட்டார். பத்தடி என்றேன். தொட்டால் சுடுமா என்றார். சுடாது, குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கும் என்றேன். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, வாங்க போய்ப் பாக்கலாம் என்று இறங்கிவிட்டார்.

டீச்செடிகளுக்கு நடுவே பனிமூட்டத்தில் இருவரும் நடந்தோம். முன்னால் போகிற சால்வையின் ஓரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வழி முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். முடிந்துவிட்டது. டிரையர் ரூம் கதவுக்கு முன்னால் நின்றோம். சேவியர் கதவைத் திறந்தார். சூடான காற்று முகத்தில் அடித்தது. மேடத்தின் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை. அப்படியே நின்றார். மூச்சை உள்ளே இழுத்தார், விடவே மறந்துவிட்டதுபோல் வைத்திருந்து, பிறகு மெல்ல விட்டார். மறுபடி இழுத்தார். இதைத்தானா பழனிசாமி ஐயா மூணு கிண்ணம் சாப்பிட்டாரு என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய் இல்லை, எலுமிச்சை இல்லை, பயறில் இருந்தது டீ. இந்த ஃபேக்டரியின் சூடான, புதுத் தூளின் வாசனை. தங்க வந்தவர்கள் மூக்குக்கெல்லாம் எட்டியது எனக்கு மட்டும் எப்படி எட்டாமல் போனது? பத்தொன்பது வருஷமாக தினமும் அந்த வாசனைதான் என் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருகிறது, பூட்ஸைக் கழற்றுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அதை நான் சேவியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைப் பிடித்தபடி நின்ற மனுஷனை அன்று புதிதாகப் பார்த்தேன். எதற்குப் பார்க்கிறாள் என்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

போஜன் அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் வந்தார். கண்ணாடி வெள்ளையாக, கண் தெரியாமல் நின்றுகொண்டிருந்த மேடத்தைப் பார்த்ததும் அந்த இறுக்கம் போய்விட்டது. தன் டீயை இப்படி மரியாதையாக முகர்ந்து பார்த்த ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு கோப்பை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். மேடம் அவசரமாக, வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னால் போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். நான் வெந்தயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். போஜன் அண்ணன் எங்களைக் கட்டடத்துக்குப் பின்புறம் அழைத்துப்போனார். டிரையர் ரூமின் சூட்டுக் காற்று ஒரு ஜன்னல் வழியாக வெளியே வருகிற இடம். கூரை நீண்டிருந்ததால் அங்கே மழையும் படாது, பனியும் இறங்காது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அதே சூடு. ஒரு ஆணியை எடுத்துத் தன் கையாலேயே அடித்தார்.

"இங்க மாட்டிக்கோங்க. எங்க காத்து உங்க பயறு மேல எவ்வளவு வேணும்னாலும் படட்டும். உங்க காத்து மட்டும் எங்க டீ மேல படக் கூடாது. வெந்தயம் இந்தக் கேட்டுக்குள்ளயே வரப்படாது."

மேடம் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். பொங்கலுக்கு இரண்டே நாள், என் கெடு முடியப்போகிறது, நான் இன்னும் பதிலுக்காக நிற்கிறேன் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாசல் பலகையை என்ன செய்வது மேடம் என்று நானாகக் கேட்டேன். பத்தடி தூரத்து நெருப்பு தீண்டியதாக ஆகாது என்றார், கல்லூரியில் பாடம் நடத்திய குரலில். போனை எடுத்து, மேட்டுப்பாளையத்துக்காரரிடம் வெந்தயம் மட்டும் அனுப்பினால் போதும் என்று சொன்னார். நான் புது ஆணியைப் பிடித்துக்கொண்டேன். போனை வைத்த பிறகும் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மாட்டியவுடன் மறுபடி ஆவி படிந்தது.

"தெனமும் பையை எடுக்க நானே வந்துர்றேனுங்க ஸ்டெல்லா. நீங்க எதுக்கு இந்தக் குளிர்ல அலையோணும்?"

அடுப்புக்குப் பயந்து ஓடிவந்த எனக்கு அடுப்பில்லாத சமையலறையில் வேலை நிலைத்தது பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள் எரித்த அடுப்பின் புண்ணியத்தில்தான் என்பதே, நெருப்பு தீண்டாத உணவைப் பற்றி நெஞ்சில் கைவைத்து நான் சொல்லக்கூடிய ஒரே உண்மை.